வானலையில் ஒரு பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? சுற்றுச்சுவர், காலை மணி, வேப்பமரத்து நிழல், வரிசையாய் நிற்கும் சிறுவர் சிறுமியர், கையில் சுண்ணக்கட்டி ஏந்திய ஆசிரியை. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத பள்ளியும் உண்டோ என்று யாரேனும் கேட்டால் நகைப்போம். ஆயினும் அத்தகைய பள்ளி ஒன்றை ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் காணும் வாய்ப்பு 2019-ஆம் ஆண்டில் நமக்குக் கிட்டியது. அங்கு நாம் கண்டவற்றையும், அவற்றினும் மேலாக ஒரு மூதாட்டி நம்மிடம் கேட்ட ஒரேயொரு கேள்வியையும் நம் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

செம்மண் நாடு

நம் உறவினர் ஒருவர் அவ்வூர் மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றி வந்தார். அவருடைய அழைப்பின் பேரிலேயே அங்குச் சென்றோம். அடிலெய்டு நகரில் விமானம் ஏறி, சன்னலோரம் அமர்ந்து இரண்டு மணி நேரம் கீழே நோக்கியவண்ணம் இருந்தோம். எங்கும் செம்மண். ஊரில்லை, வயலில்லை, கோபுரமில்லை. தெற்கே அடிலெய்டுக்கும் வடக்கே டார்வினுக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்சிலிருந்து தரைவழியே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். ஊரின் ஊடே டாட் என்னும் ஆறு ஓடுவதாகப் படத்தில் கண்டோம். நேரில் கண்டதோ மணல் மட்டுமே. கோடைக்கால வைகையைக் கண்டு பழகிய நமக்கு அதில் வியப்பொன்றும் இல்லை!

இம்மண்ணில் அரண்டே என்னும் ஆதிக்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். எந்தக் கிழங்கு உண்ணத் தக்கது, எந்தப் பாறையின் அடியில் நீர் ஊறும், எந்த உறவினரை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பவற்றையெல்லாம் பாட்டிமாரே பேரப்பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்து நடத்திச் சென்று கற்பித்து வந்தனர். எனவே வீடே பள்ளியாக விளங்குதல் அந்நாட்டிற்குப் புதியதன்று.

1872-ஆம் ஆண்டில் தந்திக் கம்பி அவ்வழியே சென்றது. அதன்பின் ஐரோப்பியக் குடும்பங்கள் வந்து மாட்டுப் பண்ணைகள் அமைத்தன. பண்ணை என்றதும் நம்மூர்த் தோப்புகளை எண்ணிவிட வேண்டா. நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடப் பெரிய பண்ணைகள் அங்குப் பல உள்ளன. அத்தனை பரப்பில் ஒரு குடும்பமும் சில வேலையாட்களும் மட்டுமே வாழ்வர். அண்டை வீட்டுக்காரர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். இத்தகைய வீட்டில் பிறக்கும் குழந்தை எந்தப் பள்ளிக்குச் செல்லும்? யாரோடு விளையாடும்?

மிதித்து உண்டாக்கிய மின்சாரம்

தொடக்கத்தில் அஞ்சலே ஆசிரியராயிற்று. விக்டோரியா மாநிலத்தில் 1914-ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிவிட்டது. பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. பாடத்தாள்கள் அஞ்சலில் வரும்; குழந்தை எழுதியனுப்பும்; திருத்திய தாள் பல வாரங்கள் கழித்துத் திரும்பி வரும். தான் செய்த பிழை இன்னதென்று அறியும்போது அக்குழந்தை அந்தப் பாடத்தையே மறந்திருக்கும்.

இந்நிலையில் இருவர் செய்த பணி குறிப்பிடத்தக்கது. ஜான் பிளின் என்னும் பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர், வழியற்ற அவ்வெளியில் நோயுற்றோர் மருத்துவரின்றி மாண்டு போவதைக் கண்டு வருந்தினார். அவருடைய முயற்சியால் 1928-ஆம் ஆண்டு மே மாதத்தில் முதல் பறக்கும் மருத்துவர் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள கிளான்கரியிலிருந்து புறப்பட்டார். மருத்துவரை அழைப்பதற்கு வழி வேண்டுமன்றோ? மின்சாரமில்லாத வீடுகளில், மிதிவண்டியை மிதிப்பது போலக் கால்களால் மிதித்து மின்சாரம் உண்டாக்கிச் செய்தி அனுப்பும் வானொலிக் கருவி ஒன்றை ஆல்பிரட் டிரேகர் என்பவர் உருவாக்கினார். 1929-ஆம் ஆண்டு முதல் அக்கருவி பண்ணை வீடுகளில் இடம்பெறலாயிற்று.

உயிர்காக்க வந்த அக்கருவியைக் கல்விக்கும் பயன்படுத்தலாமே என்று எண்ணியவர் அடிலெய்டு மீத்கே என்னும் அம்மையார். அடிலெய்டு நகரைத் தலைநகராய்க் கொண்ட தென் ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆய்வாளராய்ப் பணியாற்றியவர். பறக்கும் மருத்துவர் சேவையின் நிர்வாகத்திலும் பங்கு கொண்டவர். 1940-களில் நடுநாட்டிற்குச் சென்றபோது, அங்குள்ள பிள்ளைகள் பிறரைக் கண்டால் வாய்திறவாமல் கூச்சத்தால் ஒதுங்குவதை அவர் கவனித்தார். அறிவில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். கூடிப் பேசிப் பழக ஒருவரும் இல்லாததே அவர்கள் குறை என்பதை உணர்ந்தார். அதன் பயனாக 1951-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்சில் வானலைப் பள்ளி முறைப்படி தொடங்கப்பெற்றது. இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்: எழுத்தும் எண்ணும் கற்பிக்க அஞ்சல் ஏற்கனவே இருந்தது. தோழமை கற்பிக்கவே இப்பள்ளி பிறந்தது.

கண்ணாடிக்கு அப்பால்

அப்பள்ளியின் எல்லைக்குள் அடங்கும் நிலப்பரப்பு ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டர் என்றனர். நம் தமிழ்நாட்டைப் போல் பத்து மடங்கு! மாணவர்களோ நூற்றுச் சொச்சம் பேரே. முற்காலத்தில் கரகரவென்னும் சிற்றலை வானொலியில், பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லிப் பிறருக்கு இடம் விட்டுப் பாடம் கேட்டனர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் செயற்கைக்கோள் வந்தது. குரல் மட்டும் கேட்ட இடத்தில் முகமும் தெரியலாயிற்று.

பார்வையாளர்க்கென்று அமைந்த அறையில் நின்று, கண்ணாடிக்கு அப்பால் ஓர் ஆசிரியை பாடம் நடத்துவதைக் கண்டோம். அவர் எதிரே பிள்ளைகள் இல்லை. திரையில் ஏழெட்டுச் சின்னஞ்சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம். தாயை இழந்த கன்றுக்குட்டி ஒன்றுக்குத் தான் புட்டியில் பாலூட்டுவதைப் பற்றிச் சிறுமி ஒருத்தி கூறிக்கொண்டிருந்தாள். கன்றுக்கு என்ன பெயர் என்று நானூறு ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மற்றொருவன் கேட்டான். அச்சிறுமியின் பின்னால், திரையின் ஓரத்தில், கைகட்டி நின்ற ஒருவரின் இடுப்பும் முழங்கையும் மட்டும் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

"அவர்தாம் அச்சிறுமியின் தாய்" என்று நமக்கு விளக்கியவர் கூறினார். "இப்பள்ளியின் உண்மையான ஆசிரியர் அவரே. நம் ஆசிரியை ஒரு நாளில் குழந்தையோடு பேசுவது ஒரு மணி நேரத்திற்குள்தான். எஞ்சிய நான்கைந்து மணி நேரமும் தாயோ, வீட்டில் தங்கிக் கற்பிக்க அமர்த்திய இளம்பெண்ணோ கற்பிக்க வேண்டும்."

பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு வீட்டிற்கும் நெடுந்தொலைவு பயணம் செய்து செல்கின்றனர். ஆண்டில் சில முறை எல்லாக் குடும்பங்களும் பிள்ளைகளோடு ஆலிஸ் ஸ்பிரிங்சுக்கு வந்து கூடி, ஒரு வார காலம் சேர்ந்து படித்தும் விளையாடியும் திரும்புகின்றன. அந்த ஒரு வாரத்தைக் குழந்தைகளைவிடத் தாய்மாரே ஆவலோடு எதிர்நோக்குவர் என்று கேட்டபோது அதன் பொருள் நமக்கு முழுதும் விளங்கவில்லை. ஞாயிறன்று விளங்கியது.

ஆலய முற்றத்தில்

ஞாயிறு காலை இயேசுவின் திருஇருதய அன்னை ஆலயத்தில் திருப்பலி கண்டோம். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1986-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் இவ்வூருக்கு வந்து ஆதிக்குடி மக்களைச் சந்தித்து உரையாற்றினார் என்பதைப் பலரும் பெருமையோடு நினைவுகூர்ந்தனர். திருப்பலிக்குப்பின் முற்றத்தில் தேநீர் வழங்கினர். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் நம் அருகே வந்து அமர்ந்தார். வானலைப் பள்ளிக்குச் சென்று வந்தோம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"என் மூன்று பிள்ளைகளையும் அதில்தான் படிக்க வைத்தேன், 1980-களில்" என்றார். "படிக்க வைத்தேன் என்பதைவிட, நானும் அவர்களோடு படித்தேன் என்பதே பொருந்தும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மேசை, அதுவே வகுப்பறை. காலையில் வேலையாட்களுக்கு உணவு சமைத்துவிட்டுப் பாடம் தொடங்குவேன். நடுவே ரொட்டி கருகும். நடுவே கைக்குழந்தை அழும். என் மூத்தவன், 'நீ அம்மாதானே, டீச்சர் இல்லையே' என்று சொல்லிப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு ஆசிரியர்மேல் கோபம் வந்தால் வீட்டிற்கு வந்து தாய் மடியில் அழலாம். என் மகன் எங்கே போவான்? ஒருநாள் கணக்குப் புத்தகத்தை நானே வீசியெறிந்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் சென்று அமர்ந்து அழுதேன். இவனை நான் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்."

அவரை மீண்டும் அந்த மேசைக்கு அழைத்து வந்தது எது? அதே வானொலிதான். பாடமும் மருத்துவச் செய்திகளும் முடிந்தபின், பண்ணைப் பெண்கள் தம்முள் உரையாட வானலையில் சிறிது நேரம் ஒதுக்கப்படுவதுண்டு. கலா என்னும் ஒருவகைக் கிளி அந்நாட்டில் உண்டு. கூட்டமாய் அமர்ந்து ஓயாது கத்தும். அக்கிளியின் பெயரையே அந்நேரத்திற்கு வேடிக்கையாய் வைத்திருந்தனர். அன்று மாலை அவர் வானொலியில் தயங்கித் தயங்கித் தம் தோல்வியைக் கூறினாராம். சிறிது நேரம் கரகரப்பு மட்டும் கேட்டது. பிறகு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு குரல், "எங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகம் இப்போது கோழிக்கூண்டில் கிடக்கிறது" என்றது. மற்றொரு குரல், "எங்களுடையது நேற்றே அங்கே போய்விட்டது" என்றது. எங்கெங்கோ இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நகைத்தனராம்.

"மறுநாள் காலை புத்தகத்தைத் துடைத்து மேசைமேல் வைத்தேன்" என்றார் அம்மையார்.

மற்றொரு நிகழ்ச்சியையும் அவர் கூறினார். அவருடைய மகளுக்கு வானலை வகுப்பில் உயிர்த்தோழி ஒருத்தி இருந்தாள். இரண்டாண்டுகள் நாள்தோறும் குரல் கேட்டிருந்தார்களேயன்றி முகம் கண்டதில்லை. குடும்பங்கள் கூடும் வாரத்தில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியபோது, யாரோ போலக் கூசித் தரையை நோக்கி நின்றனராம். கடைசியில் ஒருத்தி மெல்ல ஒரு சொல் பேசினாள். அக்குரலைக் கேட்டதும் மற்றவள் ஓடிச்சென்று கட்டிக்கொண்டாளாம்!

இவ்வாறு ஒருவரையொருவர் கண்டறிந்த குடும்பங்கள் வெறும் உரையாடலோடு நின்றுவிடவில்லை. 1971-ஆம் ஆண்டில், வறட்சியும் கம்பளி விலை வீழ்ச்சியும் வாட்டிய காலத்தில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பர்க் என்னும் ஊரில் பெற்றோர் ஒன்றுகூடித் தனித்து வாழும் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் ஒன்றை நிறுவினர். 1973-ஆம் ஆண்டில் இத்தகைய பிள்ளைகளின் கல்விக்கென நடுவண் அரசின் உதவித் திட்டம் வந்தது. தனித்தனியே முறையிட்டபோது காற்றில் கரைந்த குரல், கூடி முறையிட்டபோது தலைநகரை எட்டியது.

ஒரு தாயின் முறையீடு

"மறைக்கல்விக்கு என்ன செய்தீர்கள்?" என்று வினவினோம். "குருவானவர் ஆண்டுக்கு ஓரிரு முறை வருவார். மற்ற நாட்களில் நாங்கள்தாம்" என்றார் அவர்.

இதே குறை அந்நாட்டின் தென்கோடியில் ஒரு துறவற சபைக்கே வித்திட்டது என்பதை இங்குக் கூறுதல் பொருந்தும். டாஸ்மேனியாவை ஒட்டிய புரூனி என்னும் சிறு தீவிற்கு 1933-ஆம் ஆண்டில் ஜான் வாலிஸ் என்னும் இளங்குரு சென்றிருந்தார். அங்கு வாழ்ந்த ஒரு தாய், தம்மைப்போல் ஒதுக்குப்புறத்தில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கடவுளைப் பற்றிக் கற்பிக்க ஏன் ஒருவரும் வருவதில்லை என்று அவரிடம் கேட்டார். அக்கேள்வி அக்குருவை உறங்கவிடவில்லை. 1944-ஆம் ஆண்டில் அவர் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அச்சகோதரிகள் மடத்திற்கு மக்கள் வரட்டும் என்று காத்திராமல், மோட்டார் வண்டியிலும் வண்டியோடு இழுத்துச் செல்லும் சிறு கூண்டு வீட்டிலும் காட்டுவழியே ஊர் ஊராய்ச் சென்றனர். குடும்பங்களின் அடுக்களையில் அமர்ந்து பேசினர். அஞ்சல் வழியே மறைக்கல்விப் பாடங்களையும் அனுப்பினர். தாயின் இடத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தாயின் அருகே வந்து அமர்ந்தனர்.

நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி

தேநீர் ஆறிவிட்டிருந்தது. அப்போதுதான் அம்மையார் கேட்டார்: "உங்கள் பிள்ளைகளுக்கு யார் கற்பிக்கிறார்கள்?"

நாம் சற்றுப் பெருமையோடு நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியின் பெயரைக் கூறினோம். கன்னியர் நடத்துவது, நூறாண்டு கண்டது, கிடைத்தற்கரிய இடம் என்று விரித்துரைத்தோம். அவர் அன்போடு கேட்டுவிட்டு, "நல்லது. ஆனால் நான் பள்ளியின் பெயரைக் கேட்கவில்லையே" என்றார்.

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. நம் வீட்டின் காலைப்பொழுது கண்முன் நின்றது. சீருடை, சாப்பாட்டு டப்பா, பேருந்து, மாலையில் டியூஷன், இரவில் தொலைக்காட்சி. நம் இளைய மகன் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது கணக்கில் தோல்வியுற்று, மதிப்பெண் அட்டையை மூன்று மாதம் நம்மிடம் காட்டாமல் மறைத்திருந்தான். அடுத்த வீட்டுப் பையனுக்கு அது தெரிந்திருந்தது. பெற்ற நமக்குத் தெரியவில்லை. கட்டணம் கட்டிய இரசீதோடு நம் கடமையும் தீர்ந்தது என்றல்லவா எண்ணியிருந்தோம்! அந்த அம்மையார் தம் மகனின் ஒவ்வொரு பிழையையும் அவன் செய்த கணமே அறிந்திருந்தார். அதனால்தான் அழுதார். நாமோ அறியாததனால் அழாமல் இருந்தோம்.

பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் எடுத்துரைத்தது. 1981-ஆம் ஆண்டில் குடும்பத்தைப் பற்றி விடுத்த திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதனை மீண்டும் வலியுறுத்தினார். இவற்றை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆலிஸ் ஸ்பிரிங்சின் ஆலய முற்றத்தில்தான் அவை நம்மை நோக்கிச் சொல்லப்பட்டவை என்று உணர்ந்தோம்.

மொட்டை மாடி

ஊர் திரும்பிச் சில மாதங்களில், 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொள்ளைநோய் காரணமாக நம் நாட்டுப் பள்ளிகளும் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசியில் வரலாயின. நம் தெருவில் மூன்று குடும்பங்களுக்கு நல்ல கைப்பேசி ஒன்றே இருந்தது. நோயின் கடுமை சற்றுத் தணிந்தபின், நம் வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகளை இடம்விட்டு அமரச் செய்து அதனை நடுவே வைத்தோம். கணக்கை ஒரு தாய் விளக்கினார். ஆங்கிலத்தை ஒரு தந்தை பார்த்துக்கொண்டார். நமக்கு வந்தது தமிழும் மறைக்கல்வியும் மட்டுமே. ஒருநாள் அடுத்த வீட்டுத் தங்கை, "என் மகன் எனக்கு அடங்கவே மாட்டேன் என்கிறான் அக்கா" என்று கண்கலங்கியபோது, கோழிக்கூண்டில் கிடந்த கணக்குப் புத்தகத்தின் கதையைக் கூறினோம். அவர் சிரித்துவிட்டார். 2021-ஆம் ஆண்டில் நம் மாநில அரசும் தன்னார்வலர்களைக் கொண்டு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கி, தெருதோறும் இத்தகைய மாலை வகுப்புகளை நடத்தியதை வாசகர்கள் அறிவர்.

பள்ளிகள் திறந்தன. மொட்டை மாடி காலியாயிற்று. மீண்டும் சீருடை, பேருந்து, டியூஷன். ஒருவர் வீட்டுப் பிள்ளையின் நிலை மற்றவருக்குத் தெரியாமற்போயிற்று. நூறு கிலோமீட்டர் தொலைவில் வாழ்ந்தோர் அண்டை வீட்டாராய் விளங்க, ஒரே சுவரைப் பங்கிட்டு வாழும் நாம் மீண்டும் தொலைவானோம்.

பள்ளியிலிருந்து பிள்ளைகளை நிறுத்திவிடுங்கள் என்று நாம் கூற வரவில்லை. அந்தப் பண்ணைத் தாய்மாருக்கு வேறு வழியில்லாதிருந்தது. நமக்கு நல்ல பள்ளிகளும் அன்புள்ள ஆசிரியர்களும் உள்ளனர். அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். ஆனால் நம் பிள்ளையின் புத்தகத்தை நாம் கடைசியாக என்று திறந்து பார்த்தோம்? அடுத்த வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது, எதில் இடறுகிறது என்பதை அறிவோமா? நம் வீட்டுத் தோல்வியை எடுத்துச் சொல்லி, அதற்கு ஒரு சிரிப்பைப் பதிலாகப் பெற நமக்கு எத்தனை குடும்பங்கள் உண்டு?

இத்தவக்காலம் முதல் நம் அன்பியத்தைச் சேர்ந்த நான்கு குடும்பங்கள், வெள்ளி மாலை ஒரு மணி நேரம், மீண்டும் அந்த மொட்டை மாடியில் கூடுகிறோம். முதலில் பிள்ளைகள் தத்தம் புத்தகத்தைத் திறப்பார்கள். பிறகு செபமாலையில் ஒரு பத்து மணி. பிறகு பெரியவர்களின் பேச்சு. சென்ற வாரம் இருவரே வந்தனர். அதற்கு முந்திய வாரம் பதினொருவர். எத்தனை பேர் வந்தாலும் பாயை விரித்து வைக்கிறோம். நம் மகன், தானாகவே, கணக்கு நோட்டை எடுத்து வந்து நம் முன் வைத்தான். அதில் சிவப்பு மையால் திருத்தப்பட்ட இடங்கள் பல இருந்தன. அவற்றைக் கண்டு மகிழ்ந்தோம்.